கல்லாகிப் போன காடு: திருவக்கரையும் ஒரு பழைய பேய்ப்படமும்

ஆடியோவில் கேட்டவங்களுக்கு இந்த எபிசோடோட ஆரம்பத்துல 'டிங்'னு ஒரு சத்தம் வந்திருக்கும். எழுத்தாகப் படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன்: மேசை மேல இருக்கிற ஒரு கல்லை நான் ஸ்பூனால தட்டின சத்தம் அது. உள்ளங்கை அளவு கல். காவியும் பழுப்பும் கலந்த நிறம். பார்த்தா பிளந்த விறகுத் துண்டு மாதிரியே இருக்கும், நார் ஓடுறது கூடத் தெரியும். கையில எடுத்தாத்தான் கனம் காட்டிக்கொடுக்கும். இந்தக் கல்லு என்கிட்ட இருக்கக் கூடாது. ஏன்னு பிறகு சொல்றேன்.

முதல்ல ஒரு சினிமா. 1964ல் பிரிட்டனின் ஹேமர் கம்பெனி எடுத்த 'தி கார்கன்'. ஹேமர்னா பழைய பேய்ப்பட ரசிகர்களுக்குத் தனி மரியாதை. 1957ல் ஃபிராங்கன்ஸ்டைன், 1958ல் டிராகுலா என்று கலர்ல ரத்தம் காட்டி உலகத்தையே அலறவிட்ட கம்பெனி. கார்கன் படத்துக்கும் அந்த டிராகுலாவை எடுத்த டெரன்ஸ் ஃபிஷர்தான் இயக்குநர். பீட்டர் குஷிங், கிறிஸ்டோபர் லீ ரெண்டு பேரும் இருக்காங்க. லீயை நீங்க 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்துல சாருமானா பார்த்திருப்பீங்க.

கதை 1910ல், வாண்டார்ஃப் என்ற ஒரு ஜெர்மன் ஊர்ல நடக்குது. 5 வருஷத்துல 7 கொலை. செத்தவங்க எல்லாரும் கல்லாகிக் கிடக்கிறாங்க. ஊர்ல எல்லாருக்கும் ஏதோ தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டாங்க. டாக்டருக்கு இன்னும் அதிகமாத் தெரியும், அவரும் மறைக்கிறார். கிரேக்கக் கதையில வர்ற கார்கன், அதாவது தலைமுடிக்குப் பதிலா பாம்பு நெளியிற, பார்த்தவங்களைக் கல்லாக்குற அரக்கி, அந்த ஊர்ல ஒரு பெண்ணோட உடம்புல புகுந்திருக்கா. பௌர்ணமி வந்தா வெளிய வருவா. தான்தான் அந்த அரக்கின்னு அந்தப் பெண்ணுக்கே தெரியாது.

உண்மையைச் சொல்லணும்னா, கடைசியில அந்த அரக்கியை நெருக்கத்துல காட்டும்போது பயத்தைவிடச் சிரிப்புதான் வருது. பாம்பெல்லாம் பொம்மைன்னு அப்பட்டமாத் தெரியும். கிரேக்கப் புராணத்தையும் குழப்பியிருக்காங்க. படத்துல அவ பேரு மெகீரா. மெகீரா கார்கனே இல்லை, பழிவாங்கும் தேவதைகள்ல ஒருத்தி. கார்கன் சகோதரிகள் ஸ்தீனோ, யூரியாலே, மெடூசா மூணு பேர்தான்.

ஆனா ஒரு காட்சி என்னை விடவே இல்லை. ஒரு பேராசிரியர் அவளை அரைகுறையாப் பார்த்துடுறார். உடனே கல்லாகலை. கொஞ்சம் கொஞ்சமா ஆகுறார். தோல் சாம்பல் நிறமா மாறுது, விரல் மடங்க மறுக்குது. அந்த நேரத்துக்குள்ள மேசையில உட்கார்ந்து தன் மகனுக்கு ஒரு கடிதம் எழுதுறார். எனக்கு என்ன நடந்துக்கிட்டு இருக்குன்னா, என்று. கை கல்லாகி நிக்கிற வரைக்கும் எழுதுறார்.

அதைப் பார்த்த ராத்திரி எனக்கு எங்க ஆயா ஞாபகம் வந்துடுச்சு. (விழுப்புரம் பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். சென்னையில சொன்னா ஸ்கூல் ஆயான்னு நினைச்சுக்கிறாங்க.)

ஆயா வீடு திண்டிவனம். ஏழாவது படிக்கும்போது ஸ்கூல்ல திருவக்கரைக்குச் சுற்றுலா கூட்டிட்டுப் போனாங்க. திண்டிவனத்துல இருந்து மயிலம் வழியா போனா பக்கம்தான். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம், சங்கராபரணி ஆற்றங்கரை. அங்க கல்மரப் பூங்கா இருக்கு. மண்ணுல பாதி புதைஞ்சு, வெட்டிப்போட்ட அடிமரம் மாதிரி கிடக்கும். தட்டினா கல். பசங்க எல்லாரும் செய்யிறதை நானும் செஞ்சேன். ஒரு துண்டை எடுத்து டிபன் டப்பாவுக்குள்ள போட்டுக்கிட்டேன்.

அன்னிக்குச் சாயந்திரம் ஆயாகிட்ட பெருமையாக் காட்டினேன். ஆயா கையில வாங்கலை. குனிஞ்சு பார்த்துட்டு, "நரம்பு ஓடியிருக்குது பாரு கண்ணு. அசுரன் எலும்பு இது. அத்த எதுக்கு வூட்டுக்கு எடுத்தாந்த? கொண்டு போய்ப் போட்டுட்டு வா"ன்னாங்க. யார் கொண்டு போறது? கல்லு உள்ள வரலை, கொல்லையில முருங்கை மரத்தடியில கிடந்துச்சு. அந்த வருஷம் எனக்கு மஞ்சக்காமாலை வந்ததுக்கும், மாமாவோட வண்டி கவுந்ததுக்கும் அந்தக் கல்லுதான் காரணம்னு ஆயா கடைசி வரைக்கும் நம்பினாங்க.

ஆயா சொன்ன அசுரன் கதை அவங்களா கட்டினது இல்லை. அது திருவக்கரை கோயிலோட தலபுராணம். வக்கராசுரன் என்று ஒரு அசுரன், பெரிய சிவபக்தன். வரம் வாங்கிட்டு தேவர்களைப் போட்டு வாட்டுறான். தன் பக்தனைத் தானே கொல்ல முடியாதுன்னு சிவன் பெருமாள்கிட்ட சொல்ல, பெருமாள் சக்கரத்தை விட்டுக் கொல்றார். அசுரனுக்கு ஒரு தங்கச்சி, துன்முகி. அவளைக் காளி கொல்றா. துன்முகி அப்போ கர்ப்பமா இருக்கா. வயித்துல இருக்கிற குழந்தையைக் கொல்லக் கூடாதுன்னு, அதை வெளிய எடுத்துத் தன் காதுல குண்டலமா மாட்டிக்கிட்டு, அப்புறம் தாயைக் கொல்றா காளி. இன்னிக்கும் வக்கிரகாளியம்மன் சிலையில அந்தச் சிசு குண்டலம்தான் விசேஷம். கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க, ஹேமர் கம்பெனிக்காரங்க இந்த அளவுக்குப் போகலை.

அந்த அசுரக் கூட்டத்தோட எலும்புதான் ஊரைச் சுத்தி இறைஞ்சு கிடக்குதுன்னு ஜனங்க சொல்லிக்கிட்டு வந்தாங்க. இன்னொண்ணு: அந்தக் கோயில்ல கூட்டம் அலைமோதுற நாள் எது தெரியுமா? பௌர்ணமி. ராத்திரி 12 மணிக்கு ஜோதி தரிசனம். திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரின்னு எல்லாப் பக்கமிருந்தும் பஸ் வரும். வாண்டார்ஃப்ல பௌர்ணமின்னா கதவைச் சாத்திட்டுப் படுப்பாங்க, திருவக்கரையில பௌர்ணமின்னா இடம் பிடிக்கப் போவாங்க. நம்ம ஊர்ல உக்கிரமானவளை ஊரைவிட்டு விரட்ட மாட்டோம், கோயில் கட்டிக் கும்பிடுவோம்.

கோயிலும் லேசுப்பட்டதில்லை. மூலவர் சந்திரமௌலீஸ்வரர், மூணு முகம் உள்ள முகலிங்கம். சம்பந்தர் பாடின தலம். கண்டராதித்த சோழரின் மனைவி செம்பியன் மாதேவி, போற இடமெல்லாம் செங்கல் கோயிலைக் கற்றளியா மாத்தினவங்க, இங்கயும் கல்லால எடுத்துக் கட்டியிருக்காங்க. அதாவது ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க வேலை செஞ்ச சிற்பிகள் தினமும் இந்தக் கல்மரங்களைத் தாண்டித்தான் நடந்திருக்கணும். கல்லைப் பத்தி அவங்களைவிட அதிகம் தெரிஞ்சவங்க யாரு? அவங்க என்ன நினைச்சிருப்பாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை, தெரிஞ்சுக்க வழிதான் இல்லை.

இப்போ "மூடநம்பிக்கை"ன்னு ஒரு வார்த்தை உங்க வாய்ல வந்திருக்கும். எனக்கும் காலேஜ் நாள்ல வந்துச்சு. கொஞ்சம் பொறுங்க.

ஆயா பார்த்தது என்ன? "நரம்பு ஓடியிருக்குது." மரத்துல தண்ணி ஏறுற குழாய்கள்தான் அந்தக் கோடு. பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தா துவாரம் துவாரமாத் தெரியும். அதாவது சும்மா கிடந்த ஒரு கல்லைப் பார்த்து, "இது கல்லாப் பிறந்தது இல்லை, உசுரோட இருந்த ஒண்ணு இப்படி ஆயிருக்கு"ன்னு அவங்க கண்டுபிடிச்சுட்டாங்க. எந்த உசுருங்கிறதுலதான் தப்பு. உயிருள்ள ஒரு பொருள் எப்படிக் கல்லாகும் என்கிற கேள்வி சரியான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பழைய உலகத்துல கையில இருந்த ஒரே பதில் சாபம். அகலிகை கல்லானது எப்படி? சாபம்.

இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும் இல்லை. ரோமானியக் கவிஞர் ஓவிட், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, கடல்ல பவளம் எப்படி வந்ததுன்னு ஒரு கதை சொல்றார். வெட்டின மெடூசா தலையைப் பெர்சியஸ் கடற்கரையில பாசி மேல வைக்கிறான். அவள் முகம் பட்டதும் பாசி இறுகிக் கல்லாகுது, அதுதான் பவளம். ஒரு செடி கல்லான கதை, பாருங்க. அதே கார்கன் பேரைத்தான் 18ஆம் நூற்றாண்டுல லின்னேயஸ் ஒரு பவள இனத்துக்கு வெச்சார், கார்கோனியா என்று.

இங்கிலாந்துல விட்பி என்று ஒரு கடற்கரை ஊர். ஸ்டோக்கரோட நாவல்ல டிராகுலா கப்பல்ல வந்து இறங்குற ஊர் அதுதான். அங்க பாறையில சுருள் சுருளா ஒரு கல் கிடைக்கும். தலையில்லாத பாம்பு சுருண்டு படுத்த மாதிரி. 7ஆம் நூற்றாண்டுல அங்க மடத்தலைவியா இருந்த ஹில்டா ஊர்ல இருந்த பாம்பையெல்லாம் கல்லாக்கிட்டாங்கன்னு ஐதீகம். சரி, தலை எங்கேன்னு கேட்டா? அது இன்னொரு துறவியோட சாபமாம். சுற்றுலாப் பயணிங்க தலை இல்லைன்னு வருத்தப்படக் கூடாதுன்னு கடைக்காரங்களே உளி எடுத்துத் தலை செதுக்கி வித்திருக்காங்க! அந்தக் கல் உண்மையில அம்மோனைட், கணவாய், ஆக்டோபஸ் சொந்தத்துல அழிஞ்சுபோன ஒரு கடல் உயிரி. நம்ம அரியலூர் பக்கம் மண்ணுல கிடைக்கும். கண்டகி ஆத்துல கிடைச்சா அதுதான் சாளக்கிராமம். ஒரே உயிரி, ஒரு ஊர்ல சபிக்கப்பட்ட பாம்பு, இன்னொரு ஊர்ல சாமி.

சரி, திருவக்கரைக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டுல புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்க கையில. அங்க வந்த இயற்கை ஆய்வாளர் பியேர் சொனரா, 1774ல் இருந்து 1781 வரைக்கும் சுத்தின பயணத்தை 1782ல் பாரிஸ்ல புத்தகமாப் போட்டார். திருவக்கரை கல்மரங்களை முதன்முதலா எழுத்துல பதிவு செஞ்ச ஐரோப்பியர் அவர்தான். (நம்ம காட்டுக்கோழிக்கு அறிவியல் பேர்ல 'சொனராட்டி'ன்னு வரும். அதே ஆள்.)

அப்புறம் ஒரு துண்டு ஜெர்மனி போயிருக்கு. தாவரங்கள் எல்லாமே செல்களால ஆனதுன்னு 1838ல் சொன்ன ஷ்லெய்டனை பயாலஜி புத்தகத்துல படிச்சிருப்பீங்க. அவர்தான் 1855ல் ஜெனா நகரத்துல இருந்து, இது ஊசியிலை வகை மரம் என்று பேர் வைக்கிறார். ஆயா "நரம்பு"ன்னு சொன்னதைத்தான் அவர் மைக்ரோஸ்கோப்ல பார்த்தார். 1931ல் பீர்பல் சஹானி அதை மறுபடி ஆராய்ஞ்சு வேற பேரினத்துக்கு மாத்தினார். லக்னோவுல தொல்தாவரவியல் நிறுவனத்தை உருவாக்கினவர். அதோட அடிக்கல்லைப் புதைபடிவங்களைப் பதிச்சே செஞ்சார். 1949 ஏப்ரல் 3ஆம் தேதி நேரு அந்தக் கல்லை நாட்டினார், ஒரே வாரத்துல, ஏப்ரல் 10ஆம் தேதி, சஹானி இறந்துட்டார். நல்லவேளை, எங்க ஆயாவுக்கு இது தெரியாது.

மரம் கல்லாகுறது எப்படி? செத்த மரம் சாதாரணமா மக்கிப்போகும். ஆனா வெள்ளத்துல அடிச்சு வந்து மணலும் களியும் மூடிட்டா காத்து போகாது, மக்குறது நின்னுடும். நிலத்தடி நீர்ல கரைஞ்ச சிலிக்கா செல் செல்லா உள்ள இறங்கிப் படியும். மரம் கரையக் கரைய அதோட அச்சு அப்படியே கல்லுல நிக்கும். ஆண்டு வளையம் நிக்கும், கணு நிக்கும். அந்தப் பேராசிரியர் கல்லாகிக்கிட்டே எழுதின மாதிரி, மரமும் கல்லாகும்போதே தன்னைப் பத்தி எழுதி வெச்சிருக்கு.

திருவக்கரை மரங்களுக்கு வயசு ஏறக்குறைய 2 கோடி வருஷம். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் பாதுகாக்குற பூங்கா, 247 ஏக்கர், 9 பகுதி. பொதுமக்கள் பார்க்கிறது அதுல ஒரு சின்னப் பகுதிதான். சுமார் 200 கல்மரங்கள், 3 மீட்டர்ல இருந்து 15 மீட்டர் நீளம் வரைக்கும். ஒண்ணுலயும் கிளை இல்லை, இலை இல்லை, பட்டை இல்லை, எல்லாம் படுத்த வாக்குல கிடக்குது. அதனாலதான் இது அங்கயே வளர்ந்த காடு இல்லை, வேற எங்கிருந்தோ ஆறு அடிச்சுக்கிட்டு வந்து போட்டதுன்னு சொல்றாங்க. எங்கிருந்தோ வந்து, இங்க விழுந்து, கை கால் போய் முண்டமாக் கிடக்குது. தலபுராணம் சொல்றதும் கிட்டத்தட்ட இதேதான் இல்லையா?

எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்லிடுறேன். அங்க அடையாளம் கண்ட மரங்கள்ல புளியமரக் குடும்பமும் இருக்கு. திண்டிவனம் என்ற பேரே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்ததுன்னு சொல்வாங்க, ஊர் சாமியும் திந்திரிணீஸ்வரர். தற்செயல்தான், வேற ஒண்ணும் இல்லை. ஆனா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

இன்னொரு விஷயம், இது பிடிச்சது இல்லை. இந்தக் கதைகள்ல கல்லாகுறதும் சாகுறதும் அரக்கியாகுறதும் பெரும்பாலும் ஒரு பெண். மெடூசாவைக் கடல் தெய்வம் கோயில்ல வெச்சு வன்முறை செஞ்சான், சாபம் அவளுக்குன்னு ஓவிட்டே எழுதுறார். அகலிகையை ஏமாத்தினது இந்திரன். ஹேமர் படத்துல அந்தப் பெண்ணுக்குத் தன்னைப் பத்தித் தெரியவே தெரியாது, கடைசியில தலை போறது அவளுக்குத்தான். துன்முகி அசுரனுக்குத் தங்கச்சி. புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' கதையில, சாபம் நீங்கி வந்த அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தி கேட்டு மறுபடியும் கல்லாகிடுறா. இந்த முறை யாரும் சபிக்கலை. உலக கோதிக் கதை எதுலயும் இவ்வளவு பயமுறுத்துற முடிவை நான் பார்க்கலை.

இப்போ என் கல்லு. ஆயா போய் வீடு வித்தப்போ, முருங்கை மரத்தடியில தேடி எடுத்தேன். சென்னைக்கு வந்து புத்தக அலமாரியில ஆறு வருஷம் இருந்துச்சு. கார்கன் படம் பார்த்த மறுநாள், இதைத் திருப்பிக் கொடுத்துடணும்னு தோணுச்சு. ஜியாலஜி படிச்ச ஒரு ஃப்ரெண்டுகிட்ட கேட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "எந்த இடத்துல எடுத்த?"

தெரியாது. ஏழாவது படிக்கிற பையன். வேலி ஓரமா, இல்லை ஒரு பெரிய மரத்துக்குப் பக்கத்துல.

"அப்போ அது வெறும் கல்லு"ன்னான். எந்த அடுக்குல, எந்தப் பக்கம் பார்த்து, எந்த மரத்தோட கிடந்துச்சு என்பதுலதான் பாதி விஷயமே இருக்காம். எடுத்த இடம் தெரியாத துண்டை அங்க கொண்டுபோய்ப் போட்டா, நாளைக்கு ஆராய்ச்சி பண்றவங்களைத் தப்பா வழிநடத்தும். எடுத்ததும் தப்பு, இப்போ சும்மா போய்ப் போடுறதும் தப்பு.

அவனே அமெரிக்காவுல அரிசோனா கல்மரப் பூங்காவைப் பத்திச் சொன்னான். அங்கயும் ஜனங்க துண்டு துண்டா எடுத்துட்டுப் போறாங்க. அப்புறம் கடிதத்தோட தபால்ல திருப்பி அனுப்புறாங்க. "இதை எடுத்ததுல இருந்து வேலை போச்சு", "நாய் செத்துப்போச்சு", "விவாகரத்து ஆச்சு, தயவு செஞ்சு வாங்கிக்கோங்க" என்கிற தினுசுல கடிதங்கள். பூங்காவுல உள்ளவங்க அதை இருந்த இடத்துல திருப்பி வைக்க முடியாது, இதே காரணம்தான். ரோட்டோரமா ஒரு இடத்துல குவிச்சு வெச்சிருக்காங்க. அதுக்குப் பேரு மனசாட்சிக் குவியல். அங்க யாருக்கும் வக்கராசுரனைத் தெரியாது, தலபுராணம் சொல்ல ஒரு ஆயாவும் இல்லை. மஞ்சக்காமாலைக்கும் மாமா வண்டிக்கும் மட்டும் அங்கயும் கல்லுதான் காரணம்.

திருவக்கரை போற ரோட்டுல இப்போ கல் குவாரியும் ஜல்லி கிரஷரும்தான் கண்ணுல படும். லாரி போற தூசியில எதிர்ல வர்ற பஸ் தெரியாது. அவங்க உடைக்கிறது வேற பாறை, கல்மரம் இல்லை. ஆனா 2 கோடி வருஷத்துக் காட்டைப் பார்க்கப் போற வழி அதுதான்.

கல்லு இப்போதைக்கு என் மேசையிலதான். அடுத்த பௌர்ணமிக்குப் போறேன். கோயிலுக்கு ஒரு கும்பிடு, அப்புறம் பூங்காவுல இருக்கிறவங்ககிட்ட நேர்ல சொல்லி ஒப்படைக்கணும், திட்டினா வாங்கிக்கணும். வெறும் கல்லாக் கொடுக்கக் கூடாதுன்னு ஒரு சீட்டு எழுதிக் கட்டியிருக்கேன். 'திருவக்கரை. ஏழாம் வகுப்புச் சுற்றுலா. வேலி ஓரம் என்று நினைவு, உறுதியில்லை. திண்டிவனத்தில் முருங்கை மரத்தடியில் பல வருடம், சென்னையில் ஆறு வருடம். நரம்பு ஓடியிருப்பதை முதலில் பார்த்தது எங்கள் ஆயா.'